கபினட் இல்லாத இடத்தில் கீமோ கலக்கச் சொல்லாதீர்கள்

சுகாதார அமைச்சின் செயலாளர், சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வைத்தியசாலைப் பணிப்பாளர்கள், வைத்திய அத்தியட்சகர்கள் ஆகியோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

கிழக்கில் அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராக வேலை செய்கிறவள் நான். புற்றுநோய்க்கான ஊசி மருந்துகளை அளவு பார்த்து எடுப்பது, கலப்பது, சேலைன் பையில் ஏற்றி விடுதிக்கு அனுப்புவது, மிஞ்சியதை அப்புறப்படுத்துவது என்று என் வேலைநாளின் பெரும்பகுதி கீமோ மருந்துகளோடுதான் போகிறது. சம்பளம், இடமாற்றம், பதவி உயர்வு பற்றி இதில் எழுதப் போவதில்லை. அவற்றுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. நான் கேட்பது சுற்றுநிருபத்தில் ஒரே ஒரு வரி: பாதுகாப்புக் கபினட், அதாவது கலக்கும்போது எழும் துளிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும் கண்ணாடி வைத்த பெட்டி, இல்லாத எந்த இடத்திலும், எந்த வைத்தியசாலையிலும், எவரையும் கீமோ மருந்து கலக்கச் சொல்லக் கூடாது.

இந்த வரி ஏன் இப்போது வேண்டும் என்று சொல்கிறேன். ஒரு காலத்தில் புற்றுநோய் என்றால் எங்கள் சனத்துக்குக் கொழும்புக்குப் பக்கத்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைதான். வாகரையிலிருந்தும் வெல்லாவெளியிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் புறப்பட்டு, 300 கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில் போய், ஊசி ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் சத்தி எடுத்தபடி திரும்பி வந்தவர்கள் எங்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு வந்தது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தச் சேவை இன்னும் கிட்ட வரவேண்டும், ஆதார வைத்தியசாலைகளுக்கும் வரவேண்டும் என்று கேட்கிறவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் சேவை நகரும்போது எது முதலில் வருகிறது, எது கடைசியில் வருகிறது என்று பாருங்கள். வைத்திய நிபுணரின் கிளினிக் நாள் முதலில் வரும். கட்டில்கள் வரும். மருந்துப் பெட்டி வரும். மருந்தைக் கலக்கும் இடம் மட்டும் "மறுகா பார்ப்பம்" என்று நிற்கும். அந்த மறுகா வரும்வரை விடுதி மூலையில் ஒரு மேசை, தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி, ஒரு சோடிக் கையுறை, வாயில் ஒரு சத்திரசிகிச்சை மாஸ்க். வேலை அங்கேதான் நடக்கும்.

கலப்பது என்றால் என்ன என்று இதுவரை பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சைக்ளோபொஸ்பமைட் தூளாக வருகிறது. 500 மில்லிகிராம் குப்பிக்குள் ஊசி வழியாக 25 மில்லிலீற்றர் நீர் செலுத்த வேண்டும். குப்பியோ இறுக மூடியது. உள்ளே நீர் போகப் போக அதே அளவுக்குக் காற்று நெருக்கப்படுகிறது. தூளும் இலேசில் கரையாது, நன்றாகக் குலுக்கவேண்டும். எல்லாம் முடிந்து ஊசியை வெளியே இழுக்கிற அந்த நொடியில், சோடாப் போத்தல் திறந்ததுபோல் ஒரு சின்னச் சீறல். கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் கலந்துவிட்டன. அவை கையில், மேசையில், மூக்குக்கு முன்னால். மின்விசிறி ஓடினால் அறை முழுக்க. முதலில் குப்பிக்குள்ளிருந்து கொஞ்சம் காற்றை இழுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் நீரை விட்டுக் கலப்பது ஒரு கைப்பழக்கம். அது தெரிந்தவர் கலந்தால் சீறல் குறையும், ஆனால் அடியோடு நின்றுவிடாது. அதுவும் ஒரு நோயாளிக்கு ஒரு குப்பி என்றால் பரவாயில்லை. கிளினிக் நாளில் குப்பிகள் வரிசையில் நிற்கும்போது, கடைசிக் குப்பியை எந்தக் கை அத்தனை நிதானமாகப் பிடிக்கும்?

டொக்ஸோரூபிசின் சிவப்பு. ஒரு துளி சிந்தினால் வெள்ளைக் கடதாசியில் பளிச்சென்று தெரியும், உடனே எல்லோரும் பதறுவோம். மெத்தோட்ரெக்சேட் மஞ்சள், அதையும் பார்க்கலாம். சைக்ளோபொஸ்பமைட்டுக்கும் சிஸ்பிளாட்டினுக்கும் புளோரோயூராசிலுக்கும் நிறமே இல்லை. அவை சிந்தினால் யாரும் பதறுவதில்லை. சிவப்பு மருந்து சிந்துகிற அளவுக்கு நிறமில்லாத மருந்தும் சிந்திக்கொண்டுதான் இருக்கிறது என்பது ஒரு நாள் வேலை செய்து பார்த்தாலே விளங்கும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. கண் கிளினிக்கில் பயன்படுத்தும் புளோரெசின் சாயத்தை நீரில் கலந்து, அதை மருந்தாக நினைத்துக் கலக்கும் பயிற்சியை ஒரு தடவை செய்யுங்கள். முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, கடைகளில் 5000 ரூபாய்த் தாளைச் சோதிக்கும் ஊதா விளக்கைப் பிடித்துப் பாருங்கள். கையுறையில், மணிக்கட்டில், மேசை விளிம்பில், சில வேளை கதவுக் கைப்பிடியிலும் பச்சையாக ஒளிரும். வேறு நாடுகளில் இந்தப் பயிற்சியைப் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் செய்து காட்டுகிறார்கள். எங்கள் பணிப்பாளர்களுக்கும் ஒரு முறை காட்டினால், இந்த மடலை இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது.

சரி, பட்டால் என்ன ஆகும்? சைக்ளோபொஸ்பமைட் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றால், 1917இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் வீசப்பட்ட மஸ்டர்ட் வாயுவின் உறவுக் குடும்பம். அந்த வகை இரசாயனம் வெள்ளையணுக்களை அழிப்பதைக் கவனித்துத்தான் 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நைட்ரஜன் மஸ்டர்டை முதன்முதலாகப் புற்றுநோயாளிக்குக் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் சைக்ளோபொஸ்பமைட், மெல்பலான், புசல்பான், எட்டோபொசைட் போன்றவற்றை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் என்றே முதலாம் வகுப்பில் வைத்திருக்கிறது. சிஸ்பிளாட்டினும் டொக்ஸோரூபிசினும் அதற்கு அடுத்த வகுப்பில். நோயாளிக்கு இது தெரிந்தே கொடுக்கிறோம். அவருக்கு எதிரே இருக்கும் ஆபத்து இதைவிடப் பெரியது. மருந்தாளருக்கும் தாதிக்கும் இந்த மருந்தால் ஒரு நன்மையும் இல்லை. அதோடு நோயாளிக்கு ஆறு அல்லது எட்டுத் தடவை, எங்களுக்கோ ஓய்வுபெறும்வரை.

1979இல் பின்லாந்தில் இந்த மருந்துகளைக் கையாண்ட தாதியரின் சிறுநீரைப் பரிசோதித்தபோது, மரபணுவை மாற்றவல்ல பொருட்கள் அதில் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1985இல், அதே நாட்டு ஆய்வொன்று கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் இவற்றைக் கையாண்ட தாதியருக்குக் கரு இழப்பு அதிகம் என்று காட்டியது. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரச நிறுவனமான நயோஷ் 2004இல் சுகாதார ஊழியருக்கென்று தனி எச்சரிக்கையே வெளியிட்டது. ஆபத்தான மருந்துகளின் பட்டியலையும் அதிலிருந்து அவ்வப்போது திருத்தி வெளியிடுகிறது, கடைசித் திருத்தம் 2024இல். "இவ்வளவு வரை பட்டால் பரவாயில்லை" என்று ஓர் எல்லை இந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவரை யாராலும் வகுக்கப்படவில்லை. முடிந்தவரை படாமல் வேலை செய், அவ்வளவுதான் உலகம் கண்ட வழி.

இதைச் சொன்னால் எங்கள் ஆட்களிடமிருந்தே ஒரு பதில் வரும். "என்ன மிஸ், இவ்வளவு காலமும் நாங்க கலக்கல்லையா? எங்களுக்கு ஒண்டும் நடக்கல்லயே." அனுபவமுள்ளவர்கள் சொல்வதால் மறுத்துப் பேசுவது கஷ்டம். ஆனால் நடக்கவில்லை என்று எப்படித் தெரியும்? இந்த வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் யாரிடம் இருக்கிறது? யாருக்குக் கரு தங்கவில்லை, யாருக்கு இரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது, ஓய்வுபெற்றுப் பத்து வருடம் கழித்து யார் எந்த நோயில் படுத்தார் என்று எண்ணியவர் யார்? எண்ணாமல் விட்டதை நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் நல்ல மனம் இல்லாமல் இல்லை. ஒருவர் கர்ப்பம் என்று சொன்னதும் கீமோ மேசையிலிருந்து எடுத்துவிடுகிற பொறுப்பாளர்களை நான் கண்டிருக்கிறேன். அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையும் குழந்தை பிறந்த பிறகு 84 வேலைநாள் முழுச் சம்பளத்தோடு லீவு தருகிறது. ஆனால் குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் கைகால்களும் உருவாவது கருத்தரித்த மூன்றாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில். அந்த நாட்களில் பாதிக்கு அவளுக்கே செய்தி தெரியாது. தெரிந்தாலும் மூன்று மாதம் ஆகட்டும் என்று வெளியே சொல்லமாட்டாள், எங்கள் ஊரில் வழக்கம் அது. ஆகவே "சொன்னால் மாற்றிவிடுவோம்" என்பது பாதுகாப்பு ஆகாது. கர்ப்பமாக முயற்சி செய்கிறவரும், பால் கொடுக்கிறவரும், ஆணானாலும் பெண்ணானாலும் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ள உரிமை வேண்டும். அதற்கு மேலாக, யார் கலந்தாலும் படாத மாதிரி இடம் அமைய வேண்டும். அப்போது யார் கர்ப்பம் என்று விசாரிக்கவே தேவை இருக்காது.

இனிக் கபினட் பற்றி. இதில்தான் நல்லெண்ணத்தோடு நிறையப் பணம் வீணாகிறது. கண்ணாடி வைத்த பெட்டி எல்லாம் ஒன்றல்ல. நான் வேலை செய்த ஓரிடத்தில் அப்படி ஒன்று இருந்தது, அன்பளிப்பாக வந்தது, பளபளவென்று இருக்கும். அது கிடைத்திசையில் காற்றை வீசும் ரகம். பின்பக்கத்திலிருந்து வடிகட்டிய காற்று வந்து, மருந்தைக் கடந்து, கலக்கிறவரின் முகத்தில் அடிக்கும். மருந்துக்குள் கிருமி போகாமல் காக்கத்தான் அதைச் செய்தார்கள். சாதாரண ஊட்டச்சத்துச் சேலைன் கலக்க அருமையான பொருள். கீமோவுக்கு அதைவிட வெறும் மேசையே மேல் என்று சொல்லத் தோன்றும். எங்களுக்கு வேண்டியது இரண்டாம் வகுப்பு உயிரியல் பாதுகாப்புக் கபினட், அதிலும் காற்றை வெளியே விடும் ரகம். அதில் காற்று மேலிருந்து கீழே இறங்கும், முன்பக்கத்தால் உள்ளே இழுக்கப்படும், ஹெப்பா வடிகட்டியைக் கடந்து குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே போகும். வெளியே போவது முக்கியம், ஏனென்றால் ஹெப்பா துளியையும் தூளையும் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது.

கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் சம்மேளனங்களும் லண்டன், கனடா உறவுகளும் எங்கள் வைத்தியசாலைகளுக்கு எவ்வளவோ செய்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கபினட் வாங்கித் தர நினைத்தால் முதலில் மருந்தகத்துக்கு ஒரு போன் எடுத்து எந்த ரகம் என்று கேளுங்கள். வாங்கும்போதே வருடாந்தப் பரிசோதனைக்கும் வடிகட்டி மாற்றுவதற்கும் சேர்த்து ஒப்பந்தம் போடுங்கள். பணிப்பாளர்களே, இது உங்களுக்கும்தான். நாடா வெட்டுகிற நாளில் எல்லோரும் வருவார்கள். வடிகட்டி அடைத்துப்போன நாளில் அதற்கு வாக்குப்பணம் எந்தத் தலைப்பில் எடுப்பது என்று கோப்பு ஆறு மாதம் அலையும்.

மட்டக்களப்பு வெயிலும் இதில் ஒரு கட்சி. பின்புறம் கட்டும், மணிக்கட்டு இறுகிய, நீர் ஊறாத நீளக் கை மேலங்கி, இரண்டு சோடிக் கையுறை, என்95 மாஸ்க், கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு சித்திரை மாதத்தில் குளிரூட்டி இல்லாத அறையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வியர்வை கண்ணில் இறங்கும், கையுறைக்குள் குளம் கட்டும். மேலங்கியைக் கழற்றி வைக்கிற ஊழியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆகையால் கலக்கும் அறைக்குக் குளிரூட்டி கேட்டால் அதைச் சொகுசு என்று வெட்டாதீர்கள். மின்சாரமும் அப்படித்தான். 2022இல் இந்த நாடு ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்தது. மின் நின்றால் கபினட் வெறும் கண்ணாடிப் பெட்டி. ஜெனரேட்டர் பிடிக்கிற இடைவெளியைத் தாண்டிக் கபினட் நிற்காமல் ஓட ஒரு யூ.பி.எஸ். வேண்டும். மின்சாரம் நின்றால் கலப்பும் நிற்கும் என்ற எழுத்து உத்தரவும் வேண்டும், இல்லாவிட்டால் "நோயாளி காத்துக்கொண்டிருக்கிறார்" என்ற ஒரு வார்த்தைக்கு நாங்கள் எல்லோரும் இணங்கிவிடுவோம்.

இதெல்லாம் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் எப்படிச் செய்வது, காசு எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒவ்வொன்றிலும் செய்யத் தேவையில்லை. மாவட்டத்துக்கு ஒரு கலக்கும் நிலையம் போதும். காலையில் அங்கே கலந்து, பையில் ஏற்றி, பெயரும் நேரமும் எழுதி, கசியாத இரட்டை உறையில் போட்டு, மூடிய குளிர்பெட்டியில் அனுப்பலாம். பக்கத்து மாவட்டத்துக் கல்முனைக்குக்கூட மட்டக்களப்பிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர்தான். கலந்த பக்லிடாக்சல் 25 பாகை அறை வெப்பத்தில் 27 மணி நேரம் தாங்கும் என்று உற்பத்தியாளரின் குறிப்பிலேயே இருக்கிறது. எங்கள் வெயிலுக்குக் குளிர்பெட்டி கட்டாயம், அவ்வளவுதான். கலந்தவுடன் ஏற்ற வேண்டிய சில மருந்துகளுக்கு இது சரிவராது. அந்த நோயாளிகளை நிலையம் இருக்கிற வைத்தியசாலைக்கே அழைக்கலாம். மாரியில் வெள்ளம் வந்து பாதை மறிக்கும் நாட்களுக்குத் திகதியை முன்பின் மாற்றும் அதிகாரத்தை நிபுணரிடம் விட்டுவிடலாம். ஒரே இடத்தில் கலக்கும்போது இன்னொரு இலாபமும் உண்டு. குப்பியில் மிஞ்சியதைக் கொட்டாமல் அதே நாளில் அடுத்த நோயாளிக்கு எடுக்க முடியும். இந்த மருந்துகளின் விலை உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

புற்றுநோய்ப் பிரிவே இல்லாத வைத்தியசாலைக்கு இந்த மடல் எதற்கு என்று எவரும் புரட்டிவிட வேண்டாம். கருக்குழாயில் கரு தங்கினால் மகப்பேற்று விடுதியில் மெத்தோட்ரெக்சேட் ஊசி போடுகிறார்கள். லூபஸ் நோயில் சிறுநீரகம் பாதித்தவருக்குப் பொது மருத்துவ விடுதியில் சைக்ளோபொஸ்பமைட் ஏறுகிறது. அங்கே அதைக் கலக்கிறவர் தன்னைக் கீமோ ஊழியர் என்று நினைத்திருக்கவே மாட்டார். அவருக்குப் பயிற்சியும் இல்லை, மேலங்கியும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

வெளிநோயாளர் மருந்தகக் கவுண்டருக்கு வாருங்கள், அங்கே இன்னும் மோசம். வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒரு முறை எழுதுகிறார்கள். மாத்திரை பெரிய போத்தலில் உதிரியாக வருகிறது. தட்டில் கொட்டி, கத்தியால் ஐந்தைந்தாக ஒதுக்கி, கடதாசி உறையில் போடுகிறோம். தட்டில் மஞ்சள் தூள் படிந்து கிடக்கும். அதே தட்டில் அடுத்து ஒரு பிள்ளைத்தாச்சிக்குப் போலிக் அமிலம் எண்ணுகிறோம். நீண்ட வரிசை, பின்னால் நிற்கிறவர் "மிஸ், எவ்வளவு நேரம்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், தட்டைக் கழுவ யாருக்கு நேரம்? இதற்குத் தீர்வு கவுண்டரில் இல்லை, கொழும்பில் கேள்விப்பத்திரம் எழுதுகிற மேசையில் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட், ஹைட்ரொக்ஸியூரியா, மெர்கப்டோபியூரின், கப்பசிட்டபின் ஆகியவற்றை அட்டை மாத்திரையாக மட்டும் வாங்குங்கள். உதிரி போத்தல் வேண்டாம் என்று நிபந்தனையில் ஒரு வரி. அதுவரைக்கும் எங்களுக்கு வேறு நிறத்தில் ஒரு தனித் தட்டும் தனிக் கத்தியும் தாருங்கள், அதை உள்ளூர்க் கொள்வனவிலேயே வாங்கலாம்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. உலகத்துக்கே இறப்பர்க் கையுறை ஏற்றுமதி செய்கிற நாட்டில், 2022 நெருக்கடியின்போது வைத்தியசாலைகளில் கையுறையை எண்ணி எண்ணித் தந்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் முழுதாக விட்டுப்போகவில்லை. கீமோவுக்கு எந்தக் கையுறையும் சரி என்பது பிழை. வைனில் கையுறை சரிவராது. கீமோ மருந்து ஊடுருவுகிறதா என்று பார்க்கும் ஏ.எஸ்.டி.எம். டி6978 தரத்தில் சோதித்த கையுறை, இரண்டு சோடி, அரை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், கிழிந்தாலோ சிந்தினாலோ அந்தக் கணமே. மருந்துப் பெட்டியைப் பிரிக்கும்போதும் போட வேண்டும், ஏனென்றால் தொழிற்சாலையிலிருந்து வரும் குப்பியின் வெளிப்பக்கத்திலேயே மருந்து ஒட்டியிருப்பது பல நாடுகளில் பார்த்துத் தெரிந்த விஷயம். அப்புறம் அந்த ஸ்பிரிட். வேலை முடிந்ததும் மேசையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுச் சுத்தம் என்று நிம்மதியாகப் போகிறோம். ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும், மருந்தைச் சிதைக்காது. ஓரிடத்தில் இருந்ததை மேசை முழுக்கப் பூசிவிட்டுப் போகிறது. முதலில் சவர்க்கார நீரால் அல்லது மருந்தைச் சிதைக்கும் கரைசலால் துடைத்து எடுக்க வேண்டும், ஸ்பிரிட் கடைசியில். இதைக்கூட யாரும் எங்களுக்கு எழுத்தில் தந்ததில்லை.

எங்களைவிடப் பாவம் சிற்றூழியர்கள். கலந்து முடிந்த சிரிஞ்சையும் குப்பியையும் அள்ளிக்கொண்டு போவது அவர்கள். சிந்தினால் துடைப்பது அவர்கள். கீமோ ஏறிய நோயாளியின் சிறுநீரிலும் சத்தியிலும் குறைந்தது 48 மணி நேரத்துக்கு மருந்து இருக்கலாம். அந்தக் கோப்பையைக் கழுவுவதும் படுக்கை விரிப்பை மூட்டை கட்டுவதும் அவர்கள்தான், பல வேளை வெறுங்கையால். மருந்தாளருக்காவது புத்தகம் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு சிங்களச் சுவரொட்டிகூட இல்லை, தமிழில் என்று கேட்பது பேராசை. சிந்தினால் எடுக்க ஒரு பெட்டி, உறிஞ்சும் துணி, கையுறை, மேலங்கி, தடித்த பை, தமிழில் படம் போட்ட நான்கு வரி, இவை கீமோ ஏறும் ஒவ்வொரு விடுதியிலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். கழிவும் அப்படியே. பின்வளவுக் குழியில் போட்டு எரித்தால் இந்த மருந்துகள் அழியாது, புகையோடு சேர்ந்து ஊருக்குள்தான் வரும். சிலவற்றை முழுதாக அழிக்க 1200 பாகை செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். அந்த உலை எங்களிடம் இல்லாவிட்டால், இருக்கிற இடத்துக்குத் தனிப் பெட்டியில் அனுப்ப ஓர் ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக ஒரு பதிவேடு கேட்கிறேன். இதைக் கபினட்டுக்கு அடுத்தபடியாக முக்கியம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நீண்ட காலம் கீமோ கலந்த மருந்தாளர் ஒருவர் புற்றுநோயால் இறந்தார். மருந்துதான் காரணம் என்று நிறுவ முடியவில்லை, யாராலும் முடியாது, தனி ஒருவரின் நோயில் அதைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை இல்லை. இருந்தாலும் அந்தச் செய்தி வெளிவந்த பிறகு, 2011இல், வாஷிங்டன் மாநிலம் சுகாதார ஊழியரைக் காக்கச் சட்டம் இயற்றியது. ஐரோப்பாவில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளோடு வேலை செய்தவர்களின் பதிவை, வேலை விட்ட பிறகும் 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 2022இல் அந்த விதிக்குள் ஆபத்தான மருந்துகளையும் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். எங்களிடம் இருப்பது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், அது தொழிற்சாலைகளுக்கு. 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கப் போனாலும், வேலையால்தான் நோய் வந்தது என்று காட்ட வேண்டியவர் நோயாளியே. எந்த வருடம், எந்த மருந்து, எவ்வளவு கலந்தேன் என்று ஒரு கடதாசியும் இல்லாமல் அவர் எதைக் காட்டுவார்? ஒவ்வொரு கலக்கும் இடத்திலும் யார், எந்த நாள், எந்த மருந்து, எத்தனை குப்பி, சிந்தியதா என்று எழுதும் ஒரு புத்தகம். இடமாற்றம் போகும்போது அதன் பிரதி தனிப்பட்ட கோப்பில். வருடம் ஒரு முறை முழு இரத்தப் பரிசோதனை, அதன் முடிவும் அதே கோப்பில். புத்தகத்தின் விலை சில நூறு ரூபாய்.

கபினட் வரும்வரை நோயாளியை என்ன செய்வது என்ற கேள்விக்கு மேலே பதில் சொல்லிவிட்டேன்: கபினட் இருக்கிற இடத்தில் கலந்து கொண்டுவாருங்கள். அதற்கு ஒரு வாகனமும் ஒரு சாரதியும் ஒரு குளிர்பெட்டியும் போதும். வாகனம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வைத்தியசாலை வளவுகளில் என்னென்ன வாகனம் எதற்கெல்லாம் ஓடுகிறது என்று எங்களுக்கும் தெரியும்.

அடுத்த ஆண்டுக்கான மருத்துவ வழங்கல் மதிப்பீட்டில் கீமோ கையுறை, மேலங்கி, என்95, சிந்தல் பெட்டி, அட்டை மாத்திரை என்ற வரிகளை எங்கள் மருந்தகங்கள் நிரப்பி அனுப்பும். தொகையைக் குறைக்க வேண்டிவந்தால், பேனாவை எடுக்க முன் கலக்கும் மேசையில் நிற்கிற ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அப்படிப் பேச ஆயத்தமாக இருக்கிறவர்கள் நிறையப் பேர்.

இப்படிக்கு,
கிழக்கின் அரச வைத்தியசாலை மருந்தாளர் ஒருத்தி
மட்டக்களப்பு